அளவு நார்மல்

என் மனைவிக்கு முதன்முதலாக உதடு வீங்கியது கல்யாணமான நான்காவது மாதத்தில். அன்றைக்கு என் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துச் சொல்லக்கூடாது. சொன்னால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இருப்பதுபோல் ஆகிவிடும். அக்கா அப்படித்தான் சொன்னாள். ஐந்து வருஷம் அலுக்காமல் சொன்னாள்.

அக்கா ஒரு மகளிர் விடுதியில் வார்டன். காலை நேரத்தில் பெண்கள் வரிசையாக வந்து வயிற்றுவலி, தலைவலி என்று விடுப்பு கேட்பதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் நிஜமாக வயிறு வலிப்பதில்லை என்ற தெளிவுக்கு வந்தவள். அன்று காலை என் மனைவியின் கீழுதடு மட்டும் தடித்திருந்தது. மதியத்துக்குள் மேலுதடும் சேர்ந்துகொண்டது. அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை, வெறும் வீக்கம். அக்கா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "நான் வர்றது பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லலாமே" என்றாள். வாயைத் திறக்க முடியாததுதான் அங்கே பிரச்சினையே.

மூன்றாம் நாள் வீக்கம் தானாக வடிந்தது. வந்த சுவடே இல்லை. அடுத்த மாதம் வலது கை வீங்கியது. அதற்கடுத்து ஒரு கண். பிறகு பாதம்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே அவள் பல பேரை ஓட்டுநர்களாக்கியிருக்கிறாள். மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் டீச்சர். கை வீங்கி, விரல் மடங்காமல், உள்ளே காற்று அடைத்த கையுறைபோல் இருந்த நாளில்கூட அவள் வேலைக்குப் போனாள். "எனக்குக் கால்தானே வேணும்" என்றாள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அதை வைத்து ஒரு டாக்டர் என் மானத்தை வாங்குவார். அலுவலகங்களிலும் கடைகளிலும் சுவரில் சிவப்பாகத் தீயணைப்பு சிலிண்டர் தொங்குமே, அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து அட்டை கட்டுவது என் வேலை. சோதிப்பது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இருக்கிறதா என்று பார்ப்பேன். முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பேன். கையெழுத்துப் போடுவேன். பதினான்கு வருஷ சர்வீஸில் ஒரு சிலிண்டரையும் நான் அமுக்கிப் பார்த்ததில்லை.

வீக்கத்துக்கு வைத்தியம் பார்க்காமல் இருந்தோம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அலர்ஜி நிபுணர் ஒருவர் அவள் முதுகில் நாற்பது இடத்தில் குத்திப் பார்த்தார். எதுவும் தடிக்கவில்லை. ஒன்றுமே தடிக்காததால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். முட்டை, பால், கடலை, கத்திரிக்காய், தூசி, பூனை. எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அதையும் நிறுத்தினோம். வீக்கம் வந்தபோது அவர் போட்ட ஊசி கேட்கவில்லை, மாத்திரையும் கேட்கவில்லை. "ரொம்பக் கடுமையான அலர்ஜிம்மா, மருந்துக்கே அடங்கமாட்டேங்குது" என்று பெருமையோடு சொன்னார். மருந்துக்கு அடங்கவில்லை என்றால் அது வேறு வியாதியாக இருக்குமோ என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் வருஷம் வயிறு ஆரம்பித்தது. திடீரென்று சுருட்டிப் பிடிக்கும். தரையில் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்வாள். வாந்தி நிற்காது. இரண்டு நாளில் அதுவும் மாயமாகிவிடும். ஓர் ஆஸ்பத்திரியில் அவசரமாக வயிற்றைத் திறந்து குடல்வாலை எடுத்தார்கள். "வால் எப்படி இருந்துச்சு டாக்டர்?" என்று கேட்டேன். "லேசா சிவந்த மாதிரி இருந்துச்சு" என்றார் சர்ஜன். கத்தியோடு ஒருவர் உள்ளே வந்து நின்றால் யாருக்கும் கொஞ்சம் சிவக்கத்தான் செய்யும். அடுத்த மாதமே வயிறு மறுபடி சுருட்டியது. இந்தத் தடவை எடுப்பதற்கு வால் இல்லை.

அந்த மாதம்தான் அக்கா மறுபடியும் வந்தாள். அன்றைக்கும் என் மனைவிக்கு வலி வந்துவிட்டது. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அக்கா என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். விடுதிப் பெண்களுக்கு என்று வைத்திருக்கும் பார்வை அது. நான் உள்ளே போனேன். அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லு. நடிக்கிறியா?" என்று கேட்டேன்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, கையால் கதவைக் காட்டினாள். நான் வெளியே வந்தேன். அவளாகவே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு வலி வந்தால் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நடுவில் ஓர் இளம் டாக்டர் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டார். ரத்தத்தில் ஒரு தடுப்புப் புரதம் இருக்கிறதாம், சி-ஒன் இன்ஹிபிட்டர் என்று பெயராம், அது குறைந்தால் இப்படி வீங்குமாம். ரத்தம் எடுத்து அனுப்பினார். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அந்தப் புரதத்தின் அளவு நார்மல். நார்மல்கூட இல்லை, சராசரிக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. டாக்டர் ஏமாந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்டார். "உங்களுக்கு அது நிறையவே இருக்கும்மா."

நிறையவே இருக்கிறது என்ற செய்தி குடும்பத்தில் நன்றாகப் பரவியது. அக்கா ஃபோனில், "நான் சொன்னேன்ல, உடம்புல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுல" என்றாள். மாமியார், "எங்க வீட்டுல இருந்தவரைக்கும் என் பொண்ணு கல்லு மாதிரி இருந்தா. கல்யாணத்துக்கு அப்புறம்தான் இதெல்லாம்" என்றார். மாமனார் ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதையும் எல்லைக்கல் நட்டுத்தான் பேசுவார். "எங்க வம்சத்துல யாருக்கும் ஒரு சீக்கும் கிடையாது மாப்ளே. எனக்கு இந்த வயசுலயும் கேஸ் தொந்தரவைத் தவிர வேற எதுவுமில்ல" என்றார். அந்தக் கேஸ் தொந்தரவு வந்தால் அவர் இரண்டு நாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கமாட்டார் என்பது வம்ச வரலாற்றில் சேராது போலிருக்கிறது.

மனசுதான் என்று ஆனபிறகு மனசுக்கான ஆலோசகரிடம் கூட்டிப்போனேன். நாற்பது நிமிஷம் அவளிடம் பேசினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, "அவங்க வரவேண்டியதில்ல. அடுத்த வாரத்துலேருந்து நீங்க வாங்க" என்றார். ஆலோசகருக்கு அனுபவம் போதாது என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் வருஷம் அவளுக்குக் கடைசிக் கடைவாய்ப்பல் குறுக்காக முளைத்து வலி கொடுத்தது. எழுதுபொருள் கடைக்கு மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். அதன்பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு அவள் எழுதிக்கொடுத்த படிவத்தைப் படித்தார். முகவீக்கம், கைவீக்கம், அலர்ஜி மருந்து கேட்காது, குடல்வால் எடுத்தும் வயிற்றுவலி, சி-ஒன் இன்ஹிபிட்டர் அளவு நார்மல். ஊசியை மூடி தட்டில் வைத்தார்.

"உங்க குடும்பத்துல யாராவது மூச்சடைச்சு இறந்திருக்காங்களா?"

படுத்திருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அங்கேயே மாமனாருக்கு ஃபோன் போட்டேன். "அப்படியெல்லாம் யாருமில்ல. எங்க வம்சத்துல..." என்று அவர் ஆரம்பித்ததும், நன்றி சொல்லி வைத்தேன்.

"யாருமில்லையாம் டாக்டர்" என்றேன்.

"இருந்தாலும் நான் பிடுங்கமாட்டேன். ரத்த டாக்டரைப் பாத்துட்டு வாங்க. அந்தப் புரதம் எவ்வளவு இருக்குன்னு பாத்தா போதாது, வேலை செய்யுதான்னு பாக்கச் சொல்லுங்க. அதுக்குத் தனி டெஸ்ட் இருக்கு." ஒரு சீட்டில் எழுதி, கீழே தன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.

படி இறங்கும்போது நான் சொன்னது வார்த்தை பிசகாமல் ஞாபகமிருக்கிறது. "பிடுங்கத் தெரியல, அதான் கதை விடுறாங்க."

பல்வலி யாரையும் யோசிக்க விடாது. அவளுக்கு வலி, எனக்கு அவசரம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இன்னொரு பல் டாக்டர் இருந்தார். 'வலியின்றி பத்தே நிமிடத்தில்' என்று போர்டு வைத்திருந்தார். "அந்தம்மா சொன்னதையும் ஒருதடவை கேட்டுட்டுப் போலாமே" என்றாள் மனைவி. "இன்னும் எத்தனை ரிப்போர்ட் பாக்கணும் உனக்கு?" என்றேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். அந்த டாக்டர் எந்தப் படிவத்தையும் நீட்டவில்லை. போர்டில் எழுதியதைவிட இரண்டு நிமிஷம் முன்னாலேயே முடித்துக்கொடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு ஒரு வகுப்பு இருந்தது. மாணவி ஒரு தையல்காரம்மா. ஐம்பது தாண்டியவர். பதினொரு வகுப்பு முடிந்தும் இரண்டாவது கியரைத் தாண்டாதவர். பாலத்துக்குக் கீழே வந்தபோது என் மனைவியின் குரல் மாறியதாம். "இடது பக்கம்" என்று அவள் சொன்னது தகர டப்பாவுக்குள்ளிருந்து கேட்ட மாதிரி இருந்ததாம். அடுத்து எச்சில் விழுங்க முடியவில்லை. கைக்குட்டையில் துப்பினாள். கன்னம் ஒருபக்கம் உருண்டுவந்தது. காரை ஓரம்கட்டி இடம் மாறி உட்கார அவளுக்குத் தெம்பில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் ஆஸ்பத்திரி பெயரை எழுதி ஸ்டியரிங் மேல் வைத்தாள்.

தையல்காரம்மா பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்குக் கை காலெல்லாம் வெடவெடன்னு ஆடுதுப்பா. டீச்சர் பேசலை. விரலை மட்டும் காட்டுறாங்க. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நான் நிறுத்தவேண்டிய இடத்துல எல்லாம் அவங்களே பிரேக்கை அமுக்குறாங்க. பாதி தூரம் அவங்கதான் ஓட்டினாங்க, நான் சும்மா பிடிச்சுட்டு இருந்தேன்." நாலு கிலோமீட்டர். முழுக்க இரண்டாவது கியரில். பின்னால் வந்த எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே வந்திருக்கின்றன.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளை ஒரு கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு வரவில்லை. அலர்ஜி ஊசி போட்டாகிவிட்டது, அதற்குமேல் பெரிய ஊசியும் போட்டாகிவிட்டது. வார்டு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இப்ப இறங்கும்" என்றார். இறங்கவில்லை. உள்ளே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. கோபப்பட மூச்சு வேண்டுமே.

சட்டைப்பையில் அந்தச் சீட்டு இருந்தது. நல்லெண்ணத்தில் வைத்திருந்தேன் என்று நினைக்கவேண்டாம், தூக்கிப்போட மறந்திருந்தேன். பல் டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டு வார்டு டாக்டரின் காதில் வைத்தேன். பக்கத்தில் நின்ற எனக்கும் அந்தக் குரல் கேட்டது. "அது அலர்ஜி இல்ல டாக்டர். இன்னொரு ஊசி போட்டுட்டுக் காத்திருக்காதீங்க. தொண்டை முழுசா மூடறதுக்கு முன்னாடி மயக்க டாக்டரைக் கூப்பிட்டு டியூப் போடுங்க. சி-ஒன் இன்ஹிபிட்டர் புரதம் மருந்தா கிடைச்சா உடனே குடுங்க, இல்லைன்னா பிளாஸ்மா குடுங்க. நான் ஏற்கெனவே ஒருத்தரை இப்படிப் பறிகொடுத்திருக்கேன்."

வார்டு டாக்டர் நல்லவர். ஒரு பல் டாக்டர் எனக்குச் சொல்லித்தருவதா என்று அவர் யோசிக்க எடுத்துக்கொண்டது மூன்று விநாடிதான். நான் எண்ணினேன். அதன்பிறகு ஓடினார். மயக்க டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். டியூப் உள்ளே போன பிறகு, "இன்னும் கால்மணி நேரம் போயிருந்தா கழுத்துல ஓட்டை போட்டிருக்கணும்" என்றார். தாழ்வாரத்தில் தையல்காரம்மா கார் சாவியை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர், "வண்டியைக் கோணலா நிறுத்திட்டேன் தம்பி, டீச்சர் திட்டப்போறாங்க" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இரண்டு நாள் கழித்து டியூபை எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ரத்த டாக்டர் முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவர் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தார்.

"இது அளவு. சராசரிக்கு மேலேயே இருக்கு. இது வேலை. நூத்துக்குப் பதினாறு." என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பண்றீங்க?"

சொன்னேன்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. சுவத்துல சிலிண்டர் தொங்குது, முள் பச்சையில நிக்குதுன்னு எழுதிட்டுப் போயிடுவீங்க இல்லையா? உள்ள இருக்கிறது நெருப்பை அணைக்குமான்னு பாக்கமாட்டீங்க. முதல் டெஸ்ட்டுல அதைத்தான் பண்ணியிருக்காங்க."

என் மனைவி ஐந்து வருஷத்தில் முதல்முறையாக ஆஸ்பத்திரி ஒன்றில் சிரித்தாள். தொண்டை இன்னும் புண்ணாக இருந்ததால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் ஒரு காகிதத்தில் கத்தரிக்கோல் படம் போட்டார். ரத்தத்தில் சில நொதிகள் இருக்கின்றன, மற்ற புரதங்களை வெட்டுவதுதான் அவற்றின் வேலை. வெட்டவேண்டியதுதான், ஆனால் நிறுத்தவும் வேண்டும். நிறுத்துவதற்கு இருப்பதுதான் இந்தத் தடுப்புப் புரதம். அது தன் உடம்பில் ஒரு வளையத்தை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வந்து வெட்டு என்று. கத்தரி வந்து அந்த வளையத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வாய் வைத்ததும் எலிப்பொறி மாதிரி படாரென்று மடங்கிக் கத்தரியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தே அழியும்.

"உங்களுக்கு அந்த வாய் வைக்கிற இடத்துலதான் மாற்றம். நானூத்துச் சொச்சம் அமினோ அமிலத்துல ஒண்ணே ஒண்ணு. அங்க ஆர்ஜினின் இருக்கணும், ஹிஸ்டிடின் இருக்கு. கத்தரி வருது, பாக்குது, இது நம்ம ஆள் இல்லைன்னு போயிடுது. பொறி மடங்குறதே இல்ல. கத்தரி பாட்டுக்கு வெட்டிட்டே இருக்கு, ரத்தக்குழாய்லேருந்து தண்ணி கசியுது, வீங்குது. இது அலர்ஜி வழியே இல்ல, அதனால அலர்ஜி மருந்து எதுவும் கேக்காது."

"அப்புறம் எப்படி டாக்டர் அளவு அவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

"பொறி மடங்கினாத்தானே செலவாகும்? உங்களோடது செலவே ஆகாம ரத்தத்துல சுத்திட்டு இருக்கு."

"ஜீன்ல ஒரு பங்கு அம்மா கிட்டேருந்து, ஒரு பங்கு அப்பா கிட்டேருந்து வரும்னு படிச்சிருக்கேன். இன்னொண்ணு சரியாத்தானே இருக்கும்? பாதியாவது வேலை செய்யணுமே."

"நல்ல கேள்வி. அது ஒண்டியா எல்லாத்தையும் சமாளிக்கப் பாத்து சீக்கிரம் தீர்ந்துபோயிடுது."

அவள் தலையை ஆட்டினாள். அப்படி ஆட்டும்போது ஒரு கணம் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஏன் ஆரம்பித்தது என்ற ரகசியமும் அன்றே உடைந்தது. குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்து அவள் சாப்பிட்டுவந்த மாத்திரை. அதிலிருக்கும் ஹார்மோன் இந்த வியாதியைக் கிளப்பிவிடுமாம். அக்கா காரணம் இல்லை, மாமியார் சொன்னதுபோல் எங்கள் வீட்டு வாசற்படியும் காரணம் இல்லை. ஐந்து வருஷமும் தினமும் காலையில் தண்ணீர் டம்ளரோடு அந்த மாத்திரையை அவளுக்கு எடுத்துக்கொடுத்தவன் நான். நல்ல கணவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொள்ள எனக்கிருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

ரத்த சொந்தங்கள் எல்லாரும் சோதித்துக்கொள்ளவேண்டும் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் கூடினோம். அக்காவும் வந்தாள். விஷயத்தை விளக்கியதும் அவள் முதலில் கேட்டது, "நம்ம பக்கத்துலேருந்து இல்லையே?" என்றுதான். இல்லை என்றதும் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து, "அப்ப குழந்தை?" என்றாள்.

"பொறந்தா பாதிக்குப் பாதி சான்ஸ் அண்ணி" என்றாள் மனைவி. "டெஸ்ட் பண்ணிப்போம். மருந்து இருக்கு. அதுக்கு வயிறு வலிச்சா நடிக்குதான்னு யாரும் கேக்கமாட்டாங்க, அது போதும்."

அறையில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மாமனார் எதிர்பார்த்தபடியே எல்லைக்கல்லை நட்டார். "எங்க வம்சத்துல யாருக்கும்..."

"உங்க தங்கச்சி?" என்றார் மாமியார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தங்கை இருந்ததே எனக்குத் தெரியாது. என் மனைவிக்கும் பெயர் மட்டும்தான் தெரியும். மாமனார் எழுந்து ஜன்னல்பக்கம் போனார். மாமியார்தான் சொன்னார். பத்தொன்பது வயது. பல்வலி என்று பிடுங்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் தொண்டை அடைத்து, வீட்டு முற்றத்திலேயே போய்விட்டாள். பல் டாக்டர்தான் தப்பான ஊசி போட்டுக் கொன்றுவிட்டான் என்று ஊரே சொன்னது. மாமனாருக்கு அப்போது இருபத்தைந்து. நாலு சிநேகிதர்களோடு போய் அந்த டாக்டரின் கிளினிக்கை அடித்து நொறுக்கினார். டாக்டர் அந்த மாதமே குடும்பத்தோடு ஊரைக் காலிசெய்துகொண்டு போய்விட்டார்.

"அது மூச்சடைச்ச கேஸ் இல்ல. அது கொலைன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம்" என்றார் மாமனார், ஜன்னலைப் பார்த்தபடியே. "அதனாலதான் மாப்ளே நீங்க ஃபோன்ல கேட்டப்போ இல்லைன்னேன். பொய் சொல்லல."

அவருடைய ரிப்போர்ட் இரண்டு வாரத்தில் வந்தது. அளவு நார்மல். வேலை, நூற்றுக்கு இருபத்தொன்று. நாற்பது வருஷமாகக் கேஸ் என்று அவர் குடித்த கஷாயம் எல்லாவற்றையும் ஊற்றினால் ஒரு குளத்தை நிரப்பலாம். மருந்தை எடுத்துவைக்க ஃபிரிட்ஜில் ஓர் இடம் ஒதுக்கினார்கள். அவர் ஒரு பழைய விலாசத்தைத் தேட ஆரம்பித்தார். நிலத்தை அளந்தவர் அல்லவா, விட்டுப்போன எல்லையைத் தேடிப் பழக்கம். பல் டாக்டர்கள் சங்கத்துக்கு எழுதினார், பழைய அக்கம்பக்கத்தாரை விசாரித்தார். ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார். நான்கு மணி நேர ரயில் பயணத்தில் ஓர் ஊர். டாக்டர் உயிரோடு இருந்தார். எண்பத்தாறு வயது.

மாமனார், என் மனைவி, நான் மூன்று பேரும் போனோம். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மாடியில் வீடு. அவருடைய மகள் கதவைத் திறந்து உள்ளே அழைத்தார். பெரியவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமனார் ரயிலில் முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை.

"ஐயா, நான் யாருன்னு உங்களுக்கு..."

"தெரியுது" என்றார் பெரியவர். "கண்ணாடி அலமாரியை உடைச்சப்போ உங்க கை கிழிஞ்சு ரத்தமா ஊத்துச்சு. நான் பஞ்சும் துணியும் எடுத்து நீட்டினேன். நீங்க வாங்கிக்கல."

மாமனார் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். கோடு மாதிரி ஒரு தழும்பு அதில் உண்டு. அளவைச் சங்கிலி கிழித்தது என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேசியது என் மனைவிதான். நொதி, தடுப்புப் புரதம், வாய் வைக்கிற இடம், ஒரே ஒரு மாற்றம், எல்லாவற்றையும் சொன்னாள். கார் ஓட்டச் சொல்லித்தரும் குரலில், நிதானமாக, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். பெரியவர் இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நான் போட்ட ஊசி?"

"ஊசிக்கும் அத்தை போனதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. யார் பிடுங்கியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். அந்தக் காலத்துல யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அந்தக் காலத்துல தெரியாது" என்று அவர் திருப்பிச் சொன்னார். "மருந்து ஜாஸ்தியாப் போச்சா, ஊசியைச் சரியா கொதிக்க வைக்கலையா, அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு ஏதாவது சொல்லிச்சா, நான் கேக்காம விட்டுட்டேனான்னு யோசிச்சுட்டே இருந்தேன். அதுக்கப்புறம் இன்னொரு வாய்க்குள்ள கை வைக்க எனக்குத் தைரியம் வரல. கண்ணாடி விக்கப் போயிட்டேன். கண்ணாடி போட்டு யாரும் சாகமாட்டாங்க இல்லையா." அவர் சிரிக்க முயன்றார். "அதோட பேரை எழுதிக் குடும்மா."

அவள் வியாதியின் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டுமுறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாமனார் நாற்காலியிலிருந்து சரிந்து அவர் காலடியில் உட்கார்ந்து, அந்த முழங்காலில் நெற்றியை வைத்திருந்தார். பெரியவர் அவரைத் தூக்கவில்லை, தள்ளவும் இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கையைக் கொஞ்ச நேரம் காற்றிலேயே வைத்திருந்து, பிறகு அவர் தோளில் வைத்தார்.

மகள் தேநீர் கொண்டுவந்தார். குடித்து முடித்தோம். கிளம்பும் நேரத்தில் பெரியவர் என் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பிடுங்கினாங்களே, எந்தப் பக்கம்?"

"இடது பக்கம், கீழ."

"இப்படி வெளிச்சத்துக்கு வா. வாயைத் திற பாக்கலாம்."

அவள் பால்கனிக் கம்பியோரம் குனிந்து வாயைத் திறந்தாள். அவர் ஒரு விரலால் அவள் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"நல்லா ஆறியிருக்கு" என்றார்.